ஒரு மூச்சு தாமதம்

மூன்று தட்டு.
அடி நசுங்கிய எண்ணெய் டின், மரக்கரண்டி.
மதகுப் படியில் நின்று தட்டினால்
தண்ணீர் உலை கொதிக்கிறாப்போல்
கட்லாவும் ரோகுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும்.
ஒரு கூடை தவிடும் கடலைப் பிண்ணாக்கும்
வெற்றிலை மடிக்கிற நேரத்தில் காலி.

இது போன ஆடி வரைக்கும்.

மத்தூரிலிருந்து நாலு கல், செட்டியேரி.
ஏரிக்கு மேலே மாந்தோப்பு,
தோப்புக்கு மேலே மக்காச்சோளம்,
சோளத்துக்கு மேலே கரடு.
மழை எந்த வழியாக இறங்கும் என்று
நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நானும் களை பறித்தவள்தான்.
அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை.
இருபது வருஷம் குனிந்ததற்கு
இடுப்பு இன்னும் என்னிடம் கணக்குக் கேட்கிறது.
எட்டுப் பேர் இரண்டு நாள் செய்ததை
திம்மராயன் ஒற்றை ஆளாய், முதுகில் டேங்க் மாட்டி
வெயில் ஏறுமுன் முடித்துவிட்டான்.
"மருந்து அடிச்சாச்சுக்கா, நாளைக்கு வர வேணாம்."
மருந்து என்றுதான் சொன்னான்.
நோய் யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.
அன்றைக்கு நிம்மதியாய்த்தான் படுத்தேன்.
கூலி போனது விடிந்த பிறகு உறைத்தது.

ஏரியைக் குத்தகை எடுத்த முனிரத்தினம்
தீனி போட ஆள் தேடினார். வந்தேன்.

ஆவணி மழைக்கு ஓடை செம்மண்ணாய் இறங்கியது.
மறுநாள் டின்னைத் தட்டினேன். வந்தன.
ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டதும்
'என்னையா?' என்று நின்று பார்க்கிற ஆள் மாதிரி
ஒரு மூச்சு தாமதித்து வந்தன.
பாதி, தீனியே விழாத மூலைக்குப் போய்
வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்தப் படியிலேயே ஜிலேபி அரிவேன், வீட்டுக்கு.
செதிள் உரசின தண்ணீரை ஏரியில் ஊற்றினால்
கரையோரக் குஞ்சுக் கூட்டம்
விளக்கணைத்தாற்போல் காணாமல் போகும்.
கிழிந்த தோலின் வாசனை அதுகளுக்கு ஒரு சேதி:
இங்கே சாவு நிற்கிறது, ஓடு.

ஊற்றினேன்.
நின்றன.
இன்னொரு சட்டி ஊற்றினேன்.
ஒன்று கிட்ட வந்து என் விரலை முட்டியது,
கத்தி பிடித்த விரலை.

கோரையோரம் விரால் ஜோடி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது.
போன வருஷம் கணுக்கால் வைத்தவனைக்கூடப்
பாய்ந்து கடித்த சாதி.
இந்த முறை தாய் ஒரு பக்கம்,
சிவப்பாய்த் திரண்ட குஞ்சுகள் ஒரு பக்கம்.
தண்ணிப்பாம்பு அவசரப்படாமல் தின்றது.

பாரூரிலிருந்து மீன்வளத் துறைப் பையன்
பைக்கில் வந்து சீசாவில் மொண்டான்.
"எத்தனை செத்து மிதந்துச்சு?"
"ஒண்ணும் சாகல."
"அப்ப என்னன்னுமா எழுதறது?"
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றான்.
நல்ல பையன். டீ வாங்கித் தந்தேன்.
அவன் தாளில் சாவுக்குக் கட்டம் இருந்தது.
பயம் போனதற்கு இல்லை.

திம்மராயனும் அதையேதான் கேட்டான்.
"செத்துச்சா? இல்லயே? அப்புறம் என்னக்கா."
எட்டாள் கூலிக்கு அவன் எங்கே போவான்,
அதுவும் எனக்குத் தெரியும்.
ஒரு கிலோ ரோகு கேட்டான்.
நிறுத்துக் கொடுத்தேன். காசை எண்ணி வாங்கினேன்.

இன்று விடியலில்
ஒன்று, இரண்டு, மூன்று.
தண்ணீர் போர்த்திப் படுத்தாற்போல் கிடக்கிறது.
மதகுச் சுவரில் மட்டும்
சாம்பல் நாரை ஒன்று இறங்கிக்
கழுத்தை மடித்து என் கையைப் பார்க்கிறது.
டின் சத்தத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.
மீன்களுக்கு முன்னால் அதுதான் இப்போது வருகிறது.

இன்னொரு முறை தட்டலாம்.
தட்டினால் அதற்கும் கேட்கும்.
கரண்டியைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.